வீட்டுக்கு மட்டும் பிடித்த லோயர்

நாங்கள் வெளிநாடு வந்து குடியேறிய ஹென்டர்சனில் நான் பார்த்த அந்த லோயர் அம்மா நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார். விவாகரத்தில் வீட்டைப் பிரிக்கிற வேலைக்கு மட்டும்தான் அவரைப் பிடித்திருந்தேன். பிள்ளைகள் யாரோடு இருப்பது என்பதற்குக் கோர்ட் ஏறினால் ஞாயிறு சேர்ச்சில் தலைகாட்ட முடியாது, அதை நாங்களே கதைத்து முடிப்போம் என்று நினைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் கடிதம் வந்தால் யாரிடமாவது வாசிக்கக் கொடுப்பேன்.

நான் வேறு கதை எடுத்தால் அவர் பேனாவை மூடிவிடுவார். "அது என்ர பகுதி இல்லை, தங்கச்சி."

அன்று கையெழுத்து வைக்கும்போது, லீவுக்கு என் கணவர் பிள்ளைகளை யாழ்ப்பாணம் கூட்டிப்போகிறார் என்று சும்மா சொன்னேன். அவர் பேனாவை மூடவில்லை.

"பாஸ்போர்ட் ஆரிட்ட?"

"அவரிட்டத்தான், அக்கா."

"திரும்பி வாற டிக்கெட்டைக் கண்டனீரோ?"

நான் காணவில்லை.

"பிள்ளையள் இப்ப எங்க?"

"ஸ்கூல்ல. இண்டைக்குக் கடைசி நாள். மூண்டு மணிக்கு அவர்தான் வந்து கார்ல ஏத்துவார்."

மணி இரண்டரை. லோயர் அம்மா தன் கோட்டை எடுத்தார். "எழும்பும், போவம்."

அந்த வேலைக்கு நான் அவரைப் பிடிக்கவேயில்லை. ஆனாலும் அந்த வயதில் அவர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். அதைப் பார்த்த பிறகுதான், கணவர் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவராமலே விடலாம் என்று எனக்கு விளங்கி, நானும் பின்னால் ஓடினேன்.