பின்னால வாரா

சென்ற ஆண்டு ஆடி மாதம், மதுரை விமான நிலையத்தின் வாசலில் தொடங்கியது இது. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்பட்டவன் இல்லை. ஆனால் அன்று சொல்ல வேண்டிய ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் ஒரு வேனையே வெயிலில் நிறுத்தி வைத்தேன். அதனால் ஒரு பெண் பட்ட பாட்டை என் பிள்ளைகளிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

என் மனைவி அபிராமத்துக்காரி. மிளகாய்க் காட்டையும் கண்மாயையும் பார்த்து வளர்ந்தவள். பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் கடல் இருந்தும், கடல் என்றால் அவளுக்கு ராமேஸ்வரம்தான். ராமேஸ்வரம் என்றால் திதிதான். என் அப்பாவுக்கு, என் அம்மாவுக்கு, அவள் அய்யாவுக்கு என்று எத்தனையோ அமாவாசைகள் போனோம். கூட்டத்தில் முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு தீர்த்தக் கிணறு கிணறாக ஓடி, சாப்பிட்டும் சாப்பிடாமலும் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வருவோம்.

“ஒரு தடவையாச்சும் தல நனையாம கடலப் பாக்கணும்ங்க. ஒரு நாற்காலியப் போட்டு, சும்மா உக்காந்து” என்பாள்.

“சும்மா உக்காரத்தான் வீடு இருக்கே” என்பேன். வேலையில் இருந்த காலத்திலும் அதையே சொன்னேன், ஓய்வு பெற்று சென்னையில் குடியேறிய பிறகும் அதையே சொன்னேன்.

கடைசியில் எங்கள் மகள்தான் எல்லாவற்றையும் பதிவு செய்தாள். விமானம், வேன், பாம்பனைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு விடுதி, எல்லாமே இரண்டு பேருக்கு. மாம்பழக் கலரில் அரக்குக் கரை வைத்த சேலை ஒன்றை என் மனைவி இதற்கென்றே எடுத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் மேலாக வைத்தாள். பயணத்துக்கு முந்தின மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்றார்கள் பிள்ளைகள். போவதென்றால் ராமேஸ்வரத்தில் காரியத்தை முடித்துவிட்டு வரலாம் என்றார்கள். அது பிறகு ஆகட்டும், முதலில் அவள் சொன்ன மாதிரி போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினேன். அவள் அடுக்கிய பெட்டியையே எடுத்துக்கொண்டேன். அவள் விமான டிக்கெட்டை மட்டும் மகள் ரத்து செய்திருந்தாள். என் பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து மதுரை வரை தூங்கிக்கொண்டு வந்தார்.

என் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எனக்கு வேகமான நடை. கோயிலோ கல்யாண வீடோ, நான் முன்னால் போய்விடுவேன். “அம்மா வரலியா?” என்று யாராவது கேட்டால், “பின்னால வாரா” என்பேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் மூச்சு வாங்க வந்து நிற்பாள். எவ்வளவு பின்னால் வருகிறாள் என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

விமான நிலைய வாசலில் வேன் நின்றது. மண்டபத்திலும் தீவிலும் இருக்கும் கடற்கரை விடுதிகளுக்கு ஆள் ஏற்றுகிற ஷேர் வேன் அது. வழியில் இறங்குகிறவர்களுக்கும் இடம் கொடுப்பார்கள். ஓட்டுநர் ராமநாதபுரத்துக்காரர், கலகலப்பானவர். என் பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்டார்.

“ஒங்களுக்கு ரெண்டு சீட்டு போட்ருக்கே சார். அம்மா எங்க?”

“பின்னால வாரா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. உடனே திருத்தியிருக்கலாம். ஆனால் ஓட்டுநர் என் தோளுக்கு மேலாகக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அவர் பார்த்ததும் நானும் திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார், வேறு யாரோ. மறுபடி திறந்தது. மறுபடியும் பார்த்தேன். அவள் போன பிறகு முதல் தடவையாக, அவள் வருவாள் என்று நம்பும் மனிதர்கள் என்னைச் சுற்றி இருந்தார்கள். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

வேனில் கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பின் இருக்கையில் ஓர் இளம்பெண், மடியில் துணிப்பை. நேரம் போகப் போகக் கோயம்புத்தூர்க்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“ஏனுங்க, உங்க வீட்டுக்காரம்மா பிளேன்ல வர்றாங்களா, நடந்து வர்றாங்களா?”

“சும்மா இருங்க. நீங்க பொட்டி தேடுன நேரத்துக்கு இது பரவால்ல” என்றார் அவர் மனைவி.

அந்த இளம்பெண் இறங்கி ஓட்டுநரிடம் வந்தாள். “அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. எங்கய்யா வேல பாக்குற மீன்புடி போட்டு இன்னைக்குக் கடலுக்குப் போகுதுண்ணே. காத்துன்னு ஒரு வாரமா விடல, இன்னைக்குத்தான் விட்டுருக்காக. அடுத்தவுக போட்டு, அவரால மட்டும் கரையில நிக்க முடியாது. மத்தியானம் வரைக்கும் எப்பிடியாச்சும் பேசித் தாக்காட்டுறேன், வந்துருன்னாரு.”

“திரும்பி வந்தா பாத்துக்கிற வேண்டியதுதானே தங்கச்சி?”

“அவரு கரைக்கு வாரப்ப நான் குவைத்துல இருப்பேன்ணே. விசா காயிதம் வாங்கத்தான் மதுரைக்கு வந்தேன். நாளைக்கு ராத்திரி சென்னையில பிளைட்டு. இனி ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வருவேன்.”

இதை நான் என் காதால் கேட்டேன். கேட்ட பிறகும் வாயைத் திறக்கவில்லை.

அவள் என்னிடம் திரும்பினாள். “தாத்தா, பாட்டிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்.”

என் மனைவியின் எண்ணை அழுத்தினேன். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. அதையே அவளிடம் சொன்னேன்.

“பிளைட்டுல அணைச்சுவச்சவுக மறந்துருப்பாக. உள்ள எங்கிட்டாவது வழி தெரியாம நிக்கிறாகளோ என்னமோ. நான் பாத்துட்டு வாரேன். என்ன கலர் சேல?”

“மாம்பழக் கலரு. அரக்குக் கர” என்றேன்.

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஓடினாள். கதவில் நின்ற காவலரிடம் கெஞ்சுவதும், அவர் மறுப்பதும், பிறகு உள்ளே விடுவதும் தெரிந்தது. வெகுநேரம் கழித்து வியர்த்துப்போய் வந்தாள். “உள்ள யாருமே இல்ல தாத்தா” என்றாள். அவள் முகத்தில் இருந்தது என் மனைவியைப் பற்றிய பயம். தன் வண்டி தாமதமாகிறதே என்பதைக்கூட அந்த நிமிடம் அவள் மறந்திருந்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் வேறொரு பொய்தான் சொன்னேன். “அவ சொந்தக்காரங்க வண்டியில வந்துருவா. நாம போலாம்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?” என்றார் கோயம்புத்தூர்க்காரர். நியாயமான கேள்வி.

ஓட்டுநர் வேனை விரட்டினார். என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அதில் பெட்டியை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். பின்னால் அந்தப் பெண் தன் அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டே வந்தாள். பரமக்குடி தாண்டிட்டோம்யா, ராமநாதபுரம் வந்துட்டோம்யா, இன்னும் கொஞ்ச நேரம் பேச்சுக் குடுத்து நிப்பாட்டுங்கய்யா. நடுவில் என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “பாட்டி தனியா வந்துருவாகளா தாத்தா? பயப்பட மாட்டாகளா?” என்று கேட்டாள். வந்துவிடுவாள் என்றேன். பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

மண்டபம் நெருங்கியபோது அவள் பேச்சு சட்டென்று நின்றது. அழவில்லை. “போட்டுக் கயித்த அவுத்துட்டாகளாம்ணே” என்று மட்டும் ஓட்டுநரிடம் சொன்னாள்.

கோயம்புத்தூர்த் தம்பதியின் விடுதி மண்டபத்திலேயே இருந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்ததும் அந்த மனிதர், “எங்களை அப்புறம் எறக்குங்க. பாலத்துக்கு விடுங்க, அங்கிருந்தாச்சும் அந்தப் புள்ள பாக்கட்டும்” என்றார். நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

பாம்பன் பாலத்தின் நடுவில் வேன் நின்றது. ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. தெற்கே படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிக்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே மாதிரி, கட்டைவிரல் உயரம். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போனைக் காதில் அழுத்திக்கொண்டு கத்தினாள்.

“அய்யா, பாலத்துல நிக்கிறேன்யா! நடுப் பாலத்துல! பாருங்க!”

பாலத்தில் எங்களைப்போல வேனும் காருமாக எத்தனையோ பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் துப்பட்டாவை வீசினாள். சாம்பல் நிறத் துப்பட்டா, வானத்தோடு கலந்துவிட்டது. “தெரியலயாம்” என்று எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வேனுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த சேலையை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் ஒரு முனையைப் பிடிக்க, கோயம்புத்தூர் அம்மாள் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். மடிப்பை உதறியதும் காற்று மொத்தச் சேலையையும் தூக்கிக்கொண்டது. மாம்பழக் கலர், கடலுக்கு மேலே படபடவென்று அடித்தது. போனில் ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே ஒரு கரகரப்பான குரல் கேட்டது.

“மஞ்சளா என்னமோ பறக்குதே, அது நீயா தாயி?”

“ஆமாய்யா. நாந்தேன். நாந்தேன்யா.”

“தெரியுது, தெரியுது. நல்லாத் தெரியுது. போய்ட்டு வா தாயி. நேரத்துக்குச் சாப்புடு.”

பிறகு குரல் விட்டு விட்டு வந்தது, அப்புறம் வரவில்லை. எந்தப் படகு என்று அவளுக்குத் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. எல்லாப் படகுகளும் புள்ளியாகும்வரை சேலையை இறக்காமல் நின்றாள்.

இறக்கிய பிறகுதான் கையில் இருந்ததைப் பார்த்தாள். கரையைப் பிரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“தாத்தா, இது பாட்டி கட்டியிருக்காகன்னு சொன்ன சேலல்ல?”

“பாட்டி இல்ல தாயி. போன மாசமே போயிட்டா.”

கோயம்புத்தூர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓட்டுநர் வேன் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“அத அங்கனயே சொல்லிருக்கலாமே தாத்தா” என்றாள் அந்தப் பெண். “பொம்பளையாளுக டாய்லெட்டுல ஒவ்வொரு கதவாத் தட்டித் தேடுனேனே. உள்ள மயங்கிக் கெடக்காகளோன்னு.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளிடம் சொல்ல என்னிடம் மன்னிப்பு என்ற வார்த்தை ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். சம்மதம் என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, தெரியவில்லை. வேனில் ஏறி, மடியில் வைத்துச் சேலையை மடிக்கத் தொடங்கினாள்.

தங்கச்சிமடத்தில் இறங்கும்போது சேலையை என்னிடம் கொடுத்தாள். அவள் அம்மா சாலையோரத்திலேயே காத்து நின்றார். இரண்டு எட்டு வைத்துவிட்டு அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

“உப்புக் காத்து பட்டுருக்கு தாத்தா. அப்பிடியே வச்சா கர சாயம் விட்டுரும். நல்ல தண்ணியில அலசி, நெழல்ல போடுங்க.”

விடுதியில் மணலில் இரண்டு நாற்காலிகள் போட்டு, இரண்டு இளநீர் கொண்டுவந்து வைத்தார்கள். “மேடம் வராங்களா சார்?” என்று கேட்டான் பணியாள். “இல்லப்பா, அவ இறந்துட்டா” என்றேன். அந்த வார்த்தையை அன்றுதான் வாய்விட்டு, தெரியாத ஒருவரிடம் சொன்னேன். காலையில் சொல்லியிருந்தால் ஒரு தகப்பன் தன் மகளின் தலையில் கைவைத்து அனுப்பியிருப்பார். சேலையை அடுத்த நாற்காலியில் வைத்துவிட்டு இருட்டும்வரை கடலைப் பார்த்தேன். தலை நனையவில்லை. அவள் கேட்டது இவ்வளவுதான். அவள் கேட்ட எத்தனையோ வருடங்களில் ஒரு நாளைக்கூட இதற்கு நான் எடுத்து வைக்கவில்லை.

அந்தச் சேலையை இன்னும் அலசவில்லை. அலச வேண்டும் என்று தெரியும். விரித்தால் உப்பு விரலில் ஒட்டுகிறது. என் மனைவிக்குக் கிடைத்த கடல் அவ்வளவுதான் என்று நினைத்து மறுபடி மடித்து வைத்துவிடுகிறேன். அந்தப் பெண் குவைத்திலிருந்து திரும்ப இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஆடிக் காற்று வீசினால் அவளையும், கரகரத்த அந்தக் குரலையும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது யாராவது “அம்மா வரலியா?” என்று கேட்டால் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு, அவள் இருந்தவரை ஒருநாளும் செய்யாததைச் செய்கிறேன்: நின்று, ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.