வழியனுப்பக் கூடாத வீடு

என் மனைவி இறந்து காரியமும் முடிந்த பிறகு, துக்கம் விசாரிக்கக் கடைசியாக வந்தவர் என் அக்காவின் கணவர். சேந்தமங்கலத்திலிருந்து பேருந்து மாறி, சேலத்தில் நான் குடியிருக்கும் இந்த வீட்டுக்குத் தனியாகவே வந்தார். என் அக்கா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே என் கையைப் பிடித்தபோது அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை உற்றுப் பார்த்தார்.

“ஏஞ்சாமி, இது நீ போட்டதா?”

“ஆமாங்க மாமா.”

“காலேசுல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தவன்னு வெளிய சொல்லிராத.”

பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று நெடுங்காலமாக என்னிடம் இருந்தது. நான் பட்டப்படிப்பை முடித்த ஆண்டில் என் தந்தை பக்கவாதத்தில் விழுந்தார். நான் ஒரே மகன். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஊரில் தங்குவதே முறை என்று உறவினர் அனைவரும் முடிவு செய்தனர். மேற்படிப்புக்குச் சென்னையில் கிடைத்திருந்த இடம் கைநழுவிப் போக இருந்தது. அப்போது மாமா தம் பூமியைத் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு, அக்காவுடன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சொந்த நிலமுள்ள ஒருவர் மாமனார் வீட்டில் போய்த் தங்கினால் எங்கள் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியாததன்று. வீட்டோடு மாப்பிள்ளை என்ற பெயர் டீக்கடையிலிருந்து கல்யாணப் பந்தி வரை அவரைத் தொடர்ந்தது. நான் சென்னைக்குப் போனேன், பேராசிரியரானேன், ஓய்வும் பெற்றேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அடுத்த முறை என்று ஒன்று உண்டு என நம்பும் பழக்கம் என்னிடம் இப்போது இல்லை.

“மாமா, நான் மெட்ராசுக்குப் போனப்ப நீங்க...” என்று தொடங்கினேன்.

“எழவு ஊட்ல பழய பேச்சு எதுக்குச் சாமி” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். துக்கம் கேட்க வந்தவர் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை; வீட்டுக்காரர் வாசல்வரை வருவதுமில்லை. நாற்காலியிலேயே இருந்தேன். இரும்புக் கேட் சாத்தப்படும் ஓசை கேட்டது.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். “என்ன மாப்ள, வழியனுப்பப்புடாதுன்னு தெரியாதா?”

“வழியனுப்ப வரலீங்க மாமா. பால் வாங்கப் போறேன்.”

“கையில ஏனம், சொம்பு ஒண்ணுங் காணோம்?”

“பாக்கெட் பாலுங்க.”

“அது செரி. நட.”

பால் கடையைத் தாண்டினோம். நிறுத்தத்துக்குச் சற்று முன்பாக, சாலையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். “நீங்க எங்க ஊட்டுக்கு வந்து தங்கலீன்னா நான் படிச்சிருக்க முடியாதுங்க மாமா.”

“அதத்தான் உம்பொண்டாட்டி வருசாவருசம் சொல்லுவாளே.”

நின்றுவிட்டேன்.

“பொங்கலுக்குப் போன் பண்ணுவால்ல? போன வெக்கறப்பச் சொல்லுவா. ‘அவருக்கு வாய் வராதுங்ண்ணா, என்னயச் சொல்லச் சொன்னாருங்க’ன்னு. நானும் சும்மா இருப்பனா? ஊட்டோட மாப்ளன்னு எவனாச்சும் வாயெடுத்தா, போடா, புரபசரே எனக்கு நன்றி சொல்லியுடறாருன்னுருவேன்.”

நான் அவளிடம் ஒருபோதும் அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. நாமக்கல் பேருந்து வந்தது; ஏறிக்கொண்டார்.

பொங்கல் நாளில் அவள் தொலைபேசியோடு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். எனக்கு அறிவியல் நடத்திய ஆசிரியையிடம் பேசுவாள். சென்னை விடுதியின் வார்டனிடமும் பேசுவாள். நலம் விசாரிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு நான் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருப்பேன். என் பெயரால் யார் யாரிடம் என்னென்ன சொல்லியிருக்கிறாள் என்பதை இனி அவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத்தான் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஆசிரியையின் எண்ணைத் தேடினேன். என்னிடம் இல்லை. அவளுடைய கைபேசி அலமாரியில், அவள் மடித்து வைத்த புடவைகளின் மேல், அணைந்து கிடந்தது. சார்ஜில் போட்டேன். திரை வெளிச்சமாகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.