சில்லின் ஓரத்தில் சந்தனப் பொட்டு

நவராத்திரி தொடங்குவதற்குச் சற்று முன்னர் என் ஆய்வுக்கான அந்தச் சில்லு வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. அதன்மேல் மெல்லிய தகடுகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள், தேன்கூட்டின் ஒழுங்கில். ஒளிப்படிகம் என்பது இதைத்தான். குறித்த நிறமுள்ள ஒளி இந்தத் துளைகளுக்கிடையே போக முடியாது. நடுவில் மூன்று துளைகளைப் போடாமல் விட்டால், அந்த இடத்தில் மட்டும் ஒளி தங்கும். அதை ஒளிக்குழி என்போம்.

தகட்டுக்குள் ஒளிரும் புள்ளிகள் புதைந்திருக்கும். ஒளிர்கிற பொருள் தன்பாட்டில் ஒளிரும் என்றுதான் நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அப்படியில்லை. அது இருக்கிற இடமும் இடம் கொடுக்க வேண்டும். குழியின் நிறமும் புள்ளியின் நிறமும் பொருந்தினால் ஒளி விரைவாகவும் பளிச்சென்றும் வரும். பொருந்தாவிட்டால் மங்கல்தான். துளைகள் கொஞ்சம் பெருத்தாலே பொருத்தம் கெட்டுவிடும் என்பதால், வரிசைக்கு வரிசை அளவை மாற்றிச் செய்வித்திருந்தோம். என் கணக்கின்படி பொருந்த வேண்டியது ஓரத்து வரிசை.

என் கலாநிதிப் பட்ட ஆய்வு முழுவதும் அந்த வரிசையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர் சில்லிருந்த பெட்டியைக் கையில் தந்தபோதே சொல்லிவிட்டார்.

“உது ஒண்டுதான். அங்கை இனிச் செய்யமாட்டினமாம். ஓர வரிசை வெளிச்சம் காட்டினால் எழுதத் தொடங்கலாம். இல்லாட்டி எல்லாத்தையும் விட்டிட்டு வேறை தலைப்புத்தான்.”

நல்ல மனிதர். ஆறுதல் சொல்ல மட்டும் தெரியாது.

பூசை விடுமுறைக்கு ஆய்வுகூடத்தைப் பூட்டினால் குளிரூட்டியையும் நிறுத்திவிடுவார்கள். ஐப்பசி ஈரம் வேறு. ஆகவே பெட்டியை இறுக்கமான டின் ஒன்றுக்குள் வைத்து, ஈரம் உறிஞ்சும் பைகளும் போட்டு, உடுப்பிட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து என் அலுமாரியில் வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

சரஸ்வதி பூசையன்று பின்னேரம் கடைக்குப் போய் வந்து பார்க்கிறேன், சுவாமியறையில் என் புத்தகங்கள், மடிக்கணினி, பேனைகள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் டின். டின் திறந்திருக்கிறது. பெட்டியும் திறந்திருக்கிறது. சாம்பிராணிப் புகை அறை முழுக்க.

“அம்மா! நீங்கள் உதைத் திறந்தனீங்களோ?”

“ஓம் பிள்ளை. மூடினபடி வைச்சா சரஸ்வதிக்கு என்னெண்டு தெரியும்?”

கிட்டப் போய்ப் பார்த்தேன். சில்லில் சந்தனம். எங்கள் வீட்டில் புதிதாக வந்த எதுவும் பொட்டில்லாமல் தப்பியதில்லை; சைக்கிளுக்கும் உண்டு, தண்ணீர் மோட்டருக்கும் உண்டு. இதற்கும் வைத்திருக்கிறார். ஈர்க்கு நுனியால் தொட்டு, கடுகளவில், ஓரத்தில்.

“நடுவிலை வைச்சாப் பழுதாப்போயிடும் எண்டுதான் ஓரத்திலை வைச்சனான்” என்றார் அம்மா. முகத்தில் பெருமை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “ஐயோ அம்மா, உங்களை ஆர் தொடச் சொன்னது? என்ரை படிப்பே அதிலைதான் கிடக்கு” என்று கத்தினேன். எடுக்கக் கை நீட்டினேன். அம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டார். பூசைக்கு வைத்ததை விசயதசமிக் காலையில்தான் எடுக்கலாம். அதற்கு முன் எடுத்தால் படிப்புக்குக் கூடாதாம். படிப்புக்குக் கூடாதாம்! நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். கழுவுகிற திரவங்கள் எல்லாம் பூட்டிய ஆய்வுகூடத்துக்குள் இருந்தன. வீட்டில் துடைத்தால் தகடுகள் கிழிந்துபோகும். சந்தனம் காய்ந்தது.

விடுமுறை முடிந்து ஆய்வுகூடம் திறந்ததும் அல்ககோலில் ஊறவைத்து, அசைக்காமல் கழுவினேன். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பொட்டுப் போயிருந்தது. ஆனால் சில துளைகளுக்குள் துகள்கள் அடைத்துக்கொண்டிருந்தன. லேசரைப் போட்டு ஒவ்வொரு வரிசையாக அளந்தேன். முதல் வரிசைகள் கணக்கில் இருந்தபடியே மங்கலாக வந்தன. ஓர வரிசைக்கு வந்தேன். ஒன்றுமில்லை. திரும்பவும் அளந்தேன். ஒன்றுமேயில்லை.

சந்தனம் கெடுத்ததா, என் கணக்கே பிழையா? அதைத் தெரிந்துகொள்ள இன்றுவரை வழியில்லை. பேராசிரியருக்குச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, திங்கக்கிழமை புதுத் தலைப்பைப் பற்றிக் கதைப்பம்” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கேற்றடியில் நின்றார். அன்று கத்தியதற்குப் பிறகு இருவரும் சரியாகக் கதைத்திருக்கவில்லை.

“வெளிச்சம் வந்ததோ?”

“இல்லை.”

“நான் வைச்ச பொட்டாலையோ பிள்ளை?”

கோபம் இன்னும் இருந்தது. அதைவிட அந்த முகத்தைப் பார்க்கக் கவலையாக இருந்தது.

“இல்லையம்மா. என்ரை கணக்குப் பிழை.”

அம்மா பெருமூச்சு விட்டார். “நான் சரியாப் பயந்துபோனன். அப்ப கணக்கைத் திருத்திப்போட்டு இன்னொண்டு எடுப்பிக்கலாம்தானே? அது எப்ப வரும்?”

“வரும்” என்றேன்.