நடவடிக்கை தொடங்கப்பட்டுள்ளது

இருபத்தாறு வருடங்களாக ஓர் அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். திருவனந்தபுரத்தில் தமிழில் மனுக் கொடுப்பவர்களுக்குத் தமிழிலேயே பதில் போக வேண்டும். பிரிவில் ஆங்கிலத்தில் எழுதித் தருவார்கள். அதைத் தமிழாக்குவது என் பாடு. இத்தனை வருடத்தில் என்னை எரிச்சல்படுத்திய ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: இனிஷியேட்.

கரமனையில் எங்கள் தெருக்காரர் ஒருவர், தான் குருவிடம் உபதேசம் பெற்றதை அந்தச் சொல்லால்தான் சொல்வார். சொல்லும்போது குரல் தானாகத் தணியும். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சிகிச்சை தொடங்கியதைக் கேஸ் ஷீட்டில் அதே சொல்லால் எழுதினார்கள். அரை மணியில் நர்ஸ் ஊசியோடு வந்து நின்றாள். அலுவலகத்தில் யார் மேலாவது விசாரணை இனிஷியேட் ஆனால் ஆள் அன்றைக்கே மெடிக்கல் லீவில் போய்விடுவார். இங்கெல்லாம் ஏதோ ஒன்று நிஜமாகவே தொடங்குகிறது.

மனுவுக்கான பதிலில் மட்டும் எதுவும் தொடங்காது. எங்கள் பிரிவின் வழக்கம் அப்படி. மனுவை வேறோர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டால் போதும், 'ஆக்‌ஷன் இனிஷியேட்டட்' என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம். அங்கே அது யார் மேசையில் தூங்குகிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

இந்த வருடம் மழைக்காலம் தொடங்குமுன் எங்கள் தெருக்கோடியிலிருந்து எங்கள் ஆபீசுக்கே ஒரு மனு போயிற்று. ஆற்றோரம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் பெண். தென்காசிப் பக்கம், கணவன் கட்டட வேலைக்குப் போகிறவன். அறையை ஒட்டிப் பின்னால் உயரமான கருங்கல் மதில், அதற்கு மேலே ரோடு. மதில் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. ரோட்டில் லாரி போனால் கல்லிடுக்கிலிருந்து மண் உதிரும்.

"படுத்தா காது பூரா அந்தச் சத்தந்தான் மாமி. நீங்க ஒரு மனு எழுதித் தாங்களேன்" என்றாள். என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் அதற்கான பதில் என் மேசைக்கே வந்தது. யாராவது போய்ப் பார்த்தார்களா என்று சூப்பிரண்டிடம் கேட்டேன்.

"அது அவர் நோக்கிக்கொள்ளும். இனிஷியேட்டட் என்னு எழுதிக்கோ, பிரச்னமில்லா" என்றார் மலையாளம் கலந்து. மனு போன ஆபீஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

'உங்கள் மனு வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று எழுதியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் பழகிப்போன கை. 'நடவடிக்கை தொடங்கப்பட்டுள்ளது' என்று தட்டிவிட்டது. எப்படியும் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடாமல் அடித்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனேன். மதிலின் வயிறு இன்னும் இறங்கியிருந்தது. முன்பு விரல்கூட நுழையாத இடுக்கில் இப்போது என் கை மணிக்கட்டுவரை போயிற்று. உள்ளே சில்லென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

அறைக்குள் இரண்டு சின்னக் குழந்தைகள் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தன. அதுவரை அவை ஊரில் அவளுடைய அக்கா வீட்டில் இருந்தவை.

"லெட்டர் வந்துட்டுல்லா, அதான் பிள்ளையளக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "நேமத்துல ஒரு ரூம் பாத்து வச்சிருந்தோம். இனி எதுக்குன்னு விட்டுட்டோம். அதுல வேற ஆளு வந்துட்டாவ."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் சொல்றதைக் கேளு. யாரும் வரப்போறதில்லை. ஒண்ணும் தொடங்கலை. வேற எடம் பாத்துக்கோ."

அவள் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். "தொடங்கியாச்சுன்னு போட்டிருக்கே மாமி. சீலும் இருக்கு."

"அதை எழுதினது நான்தான்."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கடிதத்தைப் பார்த்தாள், குழந்தைகளைப் பார்த்தாள். "இந்த மழையில எங்க மாமி போவோம்?" என்றாள்.

எங்கள் மாடி அறை இரண்டு வருடமாகப் பூட்டித்தான் கிடக்கிறது. வந்து இருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். தெரு என்ன சொல்லும், அவர்கள் அடுப்பில் என்ன வேகும் என்றெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றிவிட்டது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நடந்தது. மேலே ரோட்டில் ஏதோ கனமான வண்டி போயிற்று. மதிலுக்குள்ளிருந்து மண் சரியும் சத்தம் எங்கள் இருவருக்குமே கேட்டது.

"குழந்தைகளை அந்தப் பக்கமாப் படுக்க வெக்காதே" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தேன்.