படிவத்தில் இருந்த ஒரு வரி

என் மனைவிக்குக் கருப்பையை எடுக்க லேப்ராஸ்கோபி செய்வதாக இருந்தது. வயிற்றில் மூன்று சிறு துளைகள் போதும், சீக்கிரமே ரெட்டியார்சத்திரத்தில் உள்ள எங்கள் மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்விடலாம் என்றுதான் அவள் சம்மதித்தாள். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்தும் செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் தந்த ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருந்தது.

“இது என்னங்க?” என்று கேட்டாள்.

பல வருடம் செய்தித்தாளில் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தவன் நான். “எல்லாருக்கும் எழுதுறதுதான், கையெழுத்துப் போடு” என்றேன்.

ஆபரேஷன் தொடங்கி ஒரு மணி நேரத்தில் டாக்டர் என்னைத் தியேட்டர் வாசலுக்கு அழைத்து, வயிற்றுக்குள் விட்ட கேமராவின் படம் ஓடும் திரையைக் காட்டினார். பழைய சிசேரியன் தழும்பால் குடல் கருப்பையோடு ஒட்டியிருக்கிறது என்றார். எனக்குச் சிவப்பு மட்டுமே தெரிந்தது.

“துளை வழியாப் பிரிச்சா குடல் கிழிஞ்சிரலாம். திறந்து செய்யுறதுதான் பாதுகாப்பு.”

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“மயக்கத்துல இருக்காங்க சார்” என்றார் பொறுமையாக.

தலையாட்டினேன். ஆட்டாவிட்டாலும் அதுதான் நடந்திருக்கும். அதுதான் சரியும்கூட.

மாலையில் கண் விழித்தவள் வயிற்றைத் தடவினாள். விரல்கள் நீளமான கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் போயின.

“எல்லாருக்கும் எழுதுறதுன்னு சொன்னீகளே” என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். அதையும் இப்போது கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.