ஜெந்தியன் விரியும் நேரம்

சுண்ணாம்புக் குன்றில் மேயும் செம்மறிகளுக்குப் பொறுப்பு ஜெனட் டப்பன். விடியலில் ஒரு முறை மேலே ஏறுவாள், பொழுது சாயும்போது இன்னொரு முறை. பகலெல்லாம் முதியோர் இல்லத்துச் சமையலறை. முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆடு மேய்ந்து புல் கட்டையாகக் கிடந்தால்தான் அங்கே ஜெந்தியன் பூக்கும். விரல் உயரச் செடி, ஊதாப் பூ. அதைப் பார்க்க வருகிறவர்கள், "குடுத்து வெச்சவங்க நீங்க, தினமும் பாக்கறீங்க" என்பார்கள். அலுப்போடு தலையாட்டிவைப்பாள். நல்ல வெயிலில்தான் அது விரியும். அவள் வரும் வேளையில் மூடிக்கொண்டு நிற்கும். இத்தனை வருடத்தில் விரிந்த பூ ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் விடுப்பும் வெயிலும் சேர்ந்து கிடைத்தன. காலையிலேயே ஏறிப்போய்ச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மொட்டு இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. சற்று முதுகைச் சாய்த்தாள்.

கண் விழித்தபோது வெயில் போயிருந்தது. பூக்கள் மூடிக் கிடந்தன. பக்கத்தில் கணவன் கோலின் உட்கார்ந்திருந்தான்.

"எப்ப வந்தே?"

"மத்தியானமே. எல்லாம் நல்லா விரிஞ்சிருந்துச்சு."

"எழுப்பித் தொலைக்க வேண்டியதுதானே."

"எழுப்பத்தான் கை நீட்டினேன். நீ இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லையே."