இடம் மாறிய இரண்டு பலகைகள்

டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே ஒரு வைன் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மனைவி மன்னாரில். அவளை இங்கே கூப்பிடும் விசா விண்ணப்பத்துக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம் வேண்டும். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் எழுதித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அங்கே நிலவறையில் போத்தல்களுக்கு லேபல் இராது. கம்பிக்கூடைகளில் வெறுமனே கிடக்கும். எந்தக் கூடையில் என்ன வைன் என்பதை, அதில் தொங்கும் சின்னக் கரும்பலகை சொல்லும். யாராவது கேட்டு வாங்கும்போதுதான் லேபல் ஒட்டுவோம்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமையில் நிலவறையைக் கழுவச் சொன்னார். அவர் சொன்னது தரையை. எங்கள் வீட்டிலோ பெருநாளுக்குக் கழுவுவதென்றால் மாட்டியிருப்பதெல்லாம் கீழே இறங்கவேண்டும். பலகைகளைக் கழற்றி வெளியே வைத்து, கூடைகளையும் தேய்த்துக் கழுவிவிட்டுத் திரும்ப மாட்டினேன். இரண்டு பலகைகள் இடம் மாறிவிட்டன. இனிப்பு வைனுக்கு இனிப்பில்லாத வைனின் லேபலை ஒட்டி அனுப்பினோம்.

முதல் பெட்டி திரும்பி வந்த அன்று முதலாளி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஒப்பந்தத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். எனக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. மிச்சப் போத்தல்களைச் சுடுநீரில் ஊறவைத்து லேபல் உரிக்கத் தொடங்கினேன்.

இரண்டு கிழமை கழித்து ஒருவர் காரில் வந்தார். லேபல் உரிக்காத போத்தல்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். பிழையான லேபல்தான் அவருக்கு வேண்டுமாம். வைனை வாங்கிக் குடிக்காமல் அலுமாரியில் அடுக்கி வைத்து அழகு பார்க்கும் ஆட்கள் உண்டென்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் போய்ச் சொல்ல இன்னும் பலர் வந்தார்கள். நல்ல லேபல் போத்தல்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உரிப்பதை நிறுத்தச் சொன்னார் முதலாளி.

சனிக்கிழமைகளில் வந்தவர்களுக்கு முதலாளி அந்தக் கதையைச் சொல்லுவார். தனக்கு வயது போய்விட்டது, பலகையைத் தானே மாற்றி மாட்டிவிட்டாராம். எல்லாரும் சிரிப்பார்கள். கிளாஸ் தட்டோடு நின்ற நான், முதல் தடவை கேட்டபோது அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்றே நினைத்தேன். என் மடத்தனம்.

கடைசிப் போத்தலும் போன பிறகு ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். தயவாகத்தான் பதில் சொன்னார். இப்படிப் பிழை விடுகிற ஆளை இன்னும் ஒரு அறுவடை பார்க்கத்தானே வேண்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டுத் தரையைக் கூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மன்னாருக்கு ஃபோன் எடுத்தேன்.

"அப்ப அடுத்த வருசமோ?" என்றாள்.

"ஓம்."

"சரி. சாப்பிட்டனீங்களோ?"

சாப்பிட்டேன் என்றேன். அவள் அழவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.